களஞ்சியத்தின் திறவுகோல்: ஆதியாகமம் 47ஆம் அதிகாரம் பற்றிய ஒரு திறனாய்வு

அறுப்பின் பண்டிகை நெருங்கும்போது நம் போதகர்கள் பெரும்பாலும் இரண்டு வேதபகுதிகளில் ஒன்றைப் பிரசங்கத்திற்குத் தெரிந்துகொள்கின்றனர். ஒன்று, செழிப்பான ஏழு ஆண்டுகளில் எகிப்தின் தானியத்தைச் சேர்த்துவைத்த யோசேப்பின் வரலாறு (ஆதி. 41). மற்றொன்று, தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரக் கட்டளையிடும் மல்கியாவின் வாக்கு (மல். 3:10). இரண்டிலிருந்தும் நாம் பெறும் செய்தி ஏறத்தாழ ஒன்றே. களஞ்சியம் நிரம்ப வேண்டும். அதை நிரப்புகிறவன் ஞானவான். ஆனால், நிரம்பிய களஞ்சியம் பின்னர் எவ்வாறு திறக்கப்பட்டது, யாருக்குத் திறக்கப்பட்டது, என்ன நிபந்தனையின்பேரில் திறக்கப்பட்டது என்னும் கேள்விகள் பிரசங்க பீடத்தில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இக்கேள்விகளைத் திருமறையே எழுப்புகிறது என்பதையும், மனித குலத்தின் களஞ்சிய வரலாறும் அவற்றையே எழுப்புகிறது என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். யோசேப்பின் மாட்சியைக் குறைப்பது நம் எண்ணமன்று. அவரைப் பற்றிய வரலாற்றில் பாதியை மட்டும் வாசிக்கும் நம் பழக்கமே இங்கு ஆராயப்படுகிறது.

1. இரண்டு அதிகாரங்கள், ஒரே களஞ்சியம்

ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தில் யோசேப்பு பார்வோனுக்குக் கூறும் ஆலோசனை தெளிவானது. செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கி, பார்வோனுடைய அதிகாரத்தின்கீழ்ப் பட்டணங்களில் சேர்த்துவைக்க வேண்டும் (41:34-35). இவ்வாறு வாங்கப்பட்ட தானியத்திற்கு விலை கொடுக்கப்பட்டதாக ஆசிரியர் கூறவில்லை. பஞ்சம் தொடங்கியபோதோ அதே தானியம் எகிப்தியருக்கு விற்கப்படுகிறது (41:56). கொடுத்தவரே தாம் கொடுத்ததை விலைக்கு வாங்கினர். இந்த வசனத்தில் ஒரு நுணுக்கமும் உண்டு. எபிரெய மூலத்தில் ‘களஞ்சியம்’ என்னும் சொல் இல்லை. அவற்றில் இருந்தவை அனைத்தையும் திறந்தான் என்ற குறைபட்ட தொடரே காணப்படுகிறது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு தானியக் களஞ்சியங்கள் என்னும் சொல்லை இட்டுப் பொருளை நிறைவு செய்கிறது. நம் தமிழ்த் திருமறையும் அவ்வழியே செல்கிறது.

இவ்வரலாற்றின் தொடர்ச்சி 47ஆம் அதிகாரத்தில், 13 முதல் 26 வரையுள்ள வசனங்களில் உள்ளது. நம் சபைகளில் மிக அரிதாக வாசிக்கப்படும் பகுதி இது. முதலில் எகிப்து, கானான் தேசங்களின் பணம் முழுவதும் தானியத்திற்கு ஈடாகப் பார்வோனுடைய அரமனைக்குச் செல்கிறது. பணம் தீர்ந்தபின் குதிரைகளும் ஆடுமாடுகளும் கழுதைகளும் செல்கின்றன. அடுத்த ஆண்டு கொடுப்பதற்குத் தங்கள் சரீரமும் நிலமும் அன்றி வேறொன்றும் இல்லை என மக்கள் கூறுகின்றனர். நிலம் பார்வோனுடையதாகிறது, மக்கள் பார்வோனுக்கு அடிமைகளாகின்றனர். ஆசாரியரின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை. அவர்களுக்குப் பார்வோனிடமிருந்து நேரடியாகப் படி கிடைத்து வந்தது (47:22). இறுதியில் விதைத் தானியம் கொடுக்கப்பட்டு, ஐந்தில் ஒரு பங்கு செலுத்தும் முறை நிலையான சட்டமாகிறது.

21ஆம் வசனத்தில் ஒரு முக்கியமான பாடவேறுபாடு உள்ளது. மசோரெத்து பாடத்தின்படி யோசேப்பு மக்களைப் பட்டணங்களுக்கு மாற்றினான். சமாரியப் பிரதியும் எழுபதின்மர் மொழிபெயர்ப்பும் அவர்களை அடிமைகளாக்கினான் என வாசிக்கின்றன. எபிரெய எழுத்துக்களில் மிகச் சிறிய வேற்றுமையே இவ்விரு வாசிப்புகளையும் பிரிக்கிறது. தாலேத், ரேஷ் என்னும் எழுத்துக்கள் ஒன்றுபோல் தோன்றுவதால் எழுதுவோர் மயங்குவது எளிது. எந்தப் பாடத்தை ஏற்றாலும் முடிவு பெரிதும் மாறுவதில்லை. ஏனெனில் 19, 25 ஆகிய வசனங்களில் அடிமைத்தனத்தைக் குறிக்கும் சொல் மக்களின் வாயிலிருந்தே வருகிறது.

ஆசிரியர் இப்பகுதியை எங்கே வைத்துள்ளார் என்பதும் கவனிக்கத்தக்கது. இதற்குச் சற்று முன்னே, யோசேப்பு தன் தகப்பனுக்கும் சகோதரருக்கும் நல்ல நிலத்தைக் கொடுத்து, அவர்களை ஆகாரத்தால் ஆதரித்த செய்தி உள்ளது (47:11-12). இதற்கு அடுத்த வசனத்தில் இஸ்ரவேலர் கோசேனில் நிலம் அடைந்து பலுகிப் பெருகினர் என்று காண்கிறோம் (47:27). எகிப்தியர் நிலம் இழந்த செய்தியும் இஸ்ரவேலர் நிலம் பெற்ற செய்தியும் அருகருகே நிற்கின்றன. ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் வாசிப்பவர் காணும்படி இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்.

2. வியாக்கியானிகளின் தயக்கம்

இப்பகுதி வியாக்கியானிகளைத் தொடர்ந்து சங்கடப்படுத்தி வந்துள்ளது. கால்வின் யோசேப்பின் செயல் கொடுமையெனத் தோன்றக்கூடும் என்பதை உணர்ந்தே அதற்கு நியாயம் கூற முற்பட்டார். கெர்ஹார்ட் ஃபான் ராட், பிற்காலத்து ஒழுக்க அளவுகோலைக் கொண்டு பழங்காலக் கதையை அளக்கக் கூடாது என எச்சரித்தார். எகிப்தில் நிலம் முழுவதும் அரசனுடையதாய் இருந்த முறைமை எவ்வாறு தோன்றிற்று என்பதை இஸ்ரவேலருக்கு விளக்கும் மூலக்கதை இது என்று கொள்வோரும் உளர். இதற்கு எதிர்முனையில் வால்டர் புருக்மன் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், பார்வோனின் பேரரசுக்குத் தானியத்தை ஆயுதமாக்கிக் கொடுத்தவராகவே யோசேப்பைக் காண்கிறார்.

இவ்விரு முனைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. யோசேப்புக்குச் சார்பாகக் கூறத்தக்கவை குறைவல்ல. களஞ்சியம் இல்லாதிருந்தால் எகிப்தியரும் யாக்கோபின் வீட்டாரும் மாண்டிருப்பர். ஐந்தில் ஒரு பங்கு பண்டைய உலகின் அளவில் மிகக் கடுமையான வரியன்று. மக்கள் தங்கள் உயிரைக் காத்ததற்காக நன்றி கூறுகின்றனர் (47:25). ஆனால் அந்த நன்றியின் அடுத்த சொல்லே அடிமைத்தனத்திற்கு இசைவு தெரிவிக்கும் சொல்லாக இருக்கிறது. உயிர் காப்பாற்றப்பட்டது, விடுதலை விலையாகக் கொடுக்கப்பட்டது. ஃபான் ராடின் எச்சரிக்கையை ஏற்றுப் பிற்கால அளவுகோலை நாம் ஒதுக்கிவிட்டாலும் பழைய ஏற்பாட்டின் சொந்த அளவுகோல் எஞ்சி நிற்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

3. எகிப்திய மண் கூறும் சாட்சி

இடைக்காலக் கிறிஸ்தவ உலகில் எகிப்தின் பிரமிடுகளே யோசேப்பின் களஞ்சியங்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. வெனிஸ் நகரின் புனித மாற்கு பேராலயத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பளிங்குச் சில்லு ஓவியத்தில் இன்றும் அதனைக் காணலாம். பிரமிடுகள் அரசரின் கல்லறைகளே. அவற்றின் உட்புறம் பெரும்பாலும் திண்ணிய கல். ஆயினும் இத்தவறு ஒன்றை உணர்த்துகிறது. களஞ்சியத்தின் பிரமாண்டமே நம் கண்ணைக் கவர்கிறது. அதன் வாசலில் நிற்பவர்களை நாம் காண்பதில்லை.

உண்மையான எகிப்தியக் களஞ்சியம் எத்தகையது என்பதை மெகெத்ரே என்னும் உயர் அதிகாரியின் கல்லறையில் 1920ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மரப் பொம்மைகள் காட்டுகின்றன. ஏறத்தாழ கி.மு. 2000ஆம் ஆண்டைச் சேர்ந்த அவற்றுள் ஒன்று தானியக் களஞ்சியத்தின் உருவம். ஆட்கள் மூட்டைகளைச் சுமந்து சென்று கொட்டுகின்றனர். வாசலை அடுத்த முற்றத்தில் எழுத்தர்கள் அமர்ந்து கணக்கு எழுதுகின்றனர். எகிப்தியக் களஞ்சியத்தில் எழுதுகோலுக்குத் தப்பி ஒரு மூட்டையும் செல்வதில்லை.

தீபேசின் மேற்குக் கரையில் இரண்டாம் ராமசேஸ் கட்டிய ராமேசியம் ஆலயத்தைச் சுற்றிலும், பச்சைச் செங்கல்லால் வளைவாகக் கட்டப்பட்ட நீண்ட பண்டகசாலைகளின் வரிசைகளை இன்றும் காணலாம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்பவை அவை. அவ்வாலயத்திற்கு அருகே, தேர் எல்-மதீனா என்னும் ஊரில், அரசரின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்களது கூலி தானியமே. ஒரு தொழிலாளிக்கு மாதம் ஐந்தரை மூட்டை, கோதுமையும் வாற்கோதுமையுமாக அளக்கப்பட்டது. மூன்றாம் ராமசேசின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இக்கூலி பலமுறை தாமதமாயிற்று. தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டு, பசியால் வந்தோம் என்று முறையிட்டு ஆலயங்களின் அருகே சென்று அமர்ந்தனர், ராமேசியத்தையும் அடைந்தனர். இச்செய்தி தூரின் நகரிலுள்ள பாப்பிரசுச் சுருள் ஒன்றில் பதிவாகியுள்ளது. வரலாற்றில் எழுத்து வடிவில் நமக்குக் கிடைக்கும் முதல் வேலைநிறுத்தம் இதுவே எனப் பலரும் கருதுகின்றனர். பசித்தவர் வேறெங்கும் செல்லவில்லை. தானியம் எங்கே இருக்கிறதென்று அறிந்து, அதன் வாசலுக்கே சென்றனர்.

4. பிற நாடுகளின் களஞ்சியங்கள்

எகிப்தில் கண்ட இச்சிக்கல் அந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வேறு சில பண்பாடுகளையும் சுருக்கமாக நோக்குவோம்.

பாபிலோனில் அரசன் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு, தன் தானியத்தைப் பிறர் வீட்டில் சேமித்துவைப்பவனுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆண்டு வாடகை முந்நூறு படிக்கு ஐந்து படி என்ற விகிதத்தில் வரையறுக்கப்பட்டது. வீட்டுக்காரன் தானியத்தை எடுத்துக்கொண்டோ, வைத்ததையே மறுத்தோ ஏமாற்றினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். அதே நாட்டில் பல நூற்றாண்டுகளுக்குப் பின், நேபுகாத்நேச்சாரின் அரமனைப் பண்டகசாலையிலிருந்து சிறைப்பட்ட யூதா அரசன் யோயாக்கீனுக்கு எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டதைக் களிமண் பலகைகள் காட்டுகின்றன. 1939ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இப்பலகைகள் 2 இராஜாக்கள் 25ஆம் அதிகாரத்தின் இறுதி வசனங்களுக்குப் புறச்சான்றாக விளங்குகின்றன. அந்நிய அரசனின் களஞ்சியத்திலிருந்து உண்பது எத்தகையது என்பதை யூதாவின் அரசகுலம் அனுபவத்தில் அறிந்திருந்தது.

தென் அமெரிக்காவின் இன்காப் பேரரசில் மலைச்சரிவுகளில் காற்றோட்டமாக வரிசை வரிசையாகப் பண்டகசாலைகள் கட்டப்பட்டன. ஹுவானுக்கோ பாம்பா என்னும் இடத்தில் ஏறத்தாழ 500, கோட்டாபாச்சியில் ஏறத்தாழ 2,400 என்று தொல்லியலார் கணக்கிட்டுள்ளனர். இருப்புக் கணக்கு முடிச்சிட்ட கயிறுகளில் காக்கப்பட்டது. இதனைக் கண்டு வியந்த ஐரோப்பியர் சிலர், பசியே அறியாத பொதுவுடைமை நாடு அது எனப் புகழ்ந்தனர். ஹுவானுக்கோ பாம்பாவை அகழ்ந்தாய்ந்த கிரெய்க் மாரிஸ் கண்டதோ வேறு. அங்கே சேர்ந்தவை பெரும்பாலும் அரசின் தேவைகளுக்கே, அதாவது படைக்கும், பணியாளருக்கும், அரசு நடத்திய விருந்துகளுக்குமே பயன்பட்டன. குடியானவன் தன் வீட்டில் தானே சேமித்துக்கொண்டான்.

சீன வரலாறு இன்னும் விரிவாக நோக்கத்தக்கது. கி.மு. 54ஆம் ஆண்டில் ஹான் பேரரசில் ‘எப்போதும் சமனிலைக் களஞ்சியம்’ என்னும் முறை ஏற்படுத்தப்பட்டது. விலை தாழும்போது அரசு தானியத்தை வாங்கும். விலை உயரும்போது குறைந்த விலைக்கு விற்கும். உழவனும் உண்பவனும் இருவரும் காக்கப்படுவர் என்பது நோக்கம். எனினும் 1069ஆம் ஆண்டில் வாங் ஆன்-ஷி என்னும் அமைச்சர் இக்களஞ்சியங்களின் இருப்பை முதலாக்கி உழவருக்குக் கடன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம், வசூல் இலக்கை எட்ட விரும்பிய அதிகாரிகளின் கையில் வேண்டாதவர்மீதும் கடனைத் திணிக்கும் கருவியாயிற்று.

நூறாண்டுகளுக்குப் பின் ஜூ ஷீ என்னும் அறிஞர் இதற்கு மாற்று வழி கண்டார். 1168ஆம் ஆண்டில் அவர் வாழ்ந்த ஃபூஜியன் பகுதியில் பஞ்சம் வந்தபோது, அரசுக் களஞ்சியத்திலிருந்து 600 ‘ஷி’ தானியம் பெற்று மக்களுக்கு வழங்கினார். அறுவடைக்குப் பின் மக்கள் திருப்பியளித்த தானியத்தை 1171இல் ஊரிலேயே ஒரு களஞ்சியம் கட்டிச் சேர்த்தார். ஆண்டுதோறும் கோடையில் கடனாகக் கொடுத்து, அறுவடையில் நூற்றுக்கு இருபது கூடுதலாகப் பெற்றார். விளைச்சல் குறைந்தால் வட்டியில் பாதி, பெரும் பஞ்சமானால் வட்டி முழுவதும் தள்ளுபடி. பதினான்கு ஆண்டுகளில் அரசின் 600 ‘ஷி’யைத் திருப்பிக் கொடுத்ததுடன் 3,100 ‘ஷி’ இருப்பும் சேர்ந்தது. அதன்பின் வட்டியை முற்றிலும் நீக்கி, எலியும் ஈரமும் உண்டாக்கும் இழப்பை ஈடுசெய்ய நூற்றுக்கு மூன்று மட்டுமே பெற்றார்.

வாங் ஆன்-ஷியின் திட்டத்திற்கும் தம்முடையதற்கும் உள்ள வேறுபாட்டை அவரே பின்னர் விளக்கினார். அது பணமாகக் கொடுத்தது, இது தானியமாகக் கொடுக்கிறது. அது வட்டத் தலைநகரில் நடந்தது, இது கிராமத்தில் நடக்கிறது. அதை நடத்தியவர் அதிகாரிகள், இதை நடத்துவோர் ஊரார். அதன் நோக்கம் வசூல், இதன் நோக்கம் இரக்கம். களஞ்சியம் பற்றி எழுதப்பட்ட திறனாய்வுகளில் இதனினும் கூர்மையானது அரிது. ஜூ ஷீ வட்டியை நீக்கிய இடத்தை நாம் மீண்டும் நோக்க வேண்டும். தேவைக்கு மேல் சேர்ந்தவுடன் அவர் நிபந்தனையைத் தளர்த்தினார். யோசேப்பின் களஞ்சியத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. பஞ்சம் முற்ற முற்ற நிபந்தனை இறுகிற்று.

5. திருச்சபைப் பிதாக்களின் குரல்

ரோமப் பேரரசில் களஞ்சியம் அரசியலின் மையமாயிருந்தது. கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் குடிமக்களுக்குக் குறைந்த விலையில் தானியம் கிடைக்கச் சட்டம் செய்தார், கி.மு. 58இல் அது இலவசமாயிற்று. எகிப்தின் தானியம் கடல் கடந்து வந்து, தரை உயர்த்திக் கட்டப்பட்ட பெரும் பண்டகசாலைகளில் குவிந்தது. பயன் பெற்றவர் ரோம நகரின் குடிமக்கள். விளைவித்த மாகாணத்தாருக்கு அவ்வுரிமை இல்லை.

இப்பேரரசின் ஒரு மூலையில், கப்பதோக்கியாவில், ஏறத்தாழ கி.பி. 369ஆம் ஆண்டில் கடும் பஞ்சம் வந்தது. அன்று செசரியாவில் மூப்பராயிருந்த பசிலியு, லூக்கா 12ஆம் அதிகாரத்தில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனைப் பற்றிப் பிரசங்கித்தார். ஏழைகளின் வயிறே உனக்குரிய களஞ்சியம் என்பது அப்பிரசங்கத்தின் சாரங்களுள் ஒன்று. பசிலியு சொல்லோடு நிற்கவில்லை. தானியம் வைத்திருந்தவர்களின் களஞ்சியங்களைத் தம் போதனையால் திறக்கச் செய்து, பசித்தவர்களை ஒன்றுகூட்டித் தம் கையாலேயே உணவளித்தார்.

பசிலியு மறைந்தபின் நசியான்சின் கிரகோரியு அவரைப் போற்றி ஆற்றிய உரையில் அவரை இரண்டாம் யோசேப்பு என அழைத்தார். அழைத்தவுடனேயே ஒரு திருத்தமும் செய்தார். யோசேப்பு பஞ்சத்தால் ஆதாயம் அடைந்து, தம் தயவினாலேயே எகிப்தை விலைக்கு வாங்கினார். பசிலியுவோ எந்த இலாபமும் நாடாமல் இலவசமாகச் செய்தார் என்பது அவர் கருத்து. ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தைக் குறைகூறுவது இக்காலத்துப் புதுமை என எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டின் மாபெரும் இறையியலாளர் ஒருவர், எவ்விதத் தயக்கமும் இன்றி, ஒரு பேராயரின் நினைவுரையில் இதைக் கூறியுள்ளார்.

6. நம் நாட்டின் வரலாறு

நம் நாட்டில் இதற்கான சான்றுகள் பழமையானவை. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மாவட்டத்தில் கிடைத்த சோகௌரா செப்பேடு, பிராமி எழுத்தில் அமைந்தது. இரண்டு பண்டகசாலைகளைக் குறிப்பிட்டு, அவை நெருக்கடிக் காலத்துக்கு உரியவை என்கிறது. தமிழகத்தின் பெரிய கோயில்கள் தங்கள் நிலத்தின் நெல்லைக் காக்கக் களஞ்சியங்கள் கட்டின; திருவரங்கத்திலும் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையிலும் செங்கல்லால் எழுப்பிய வட்ட வடிவக் களஞ்சியங்களைக் காணலாம்.

கம்பெனி ஆட்சியில், 1770ஆம் ஆண்டின் கொடிய வங்கப் பஞ்சத்திற்குப் பின், பாட்னாவில் கோல்கர் என்னும் மாபெரும் குவிமாடக் களஞ்சியம் 1786இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 29 மீட்டர். வெளிப்புறத்தில் 145 படிகள். இனி அம்மாகாணங்களில் பஞ்சம் வராது என்ற உறுதியோடு அது எழுப்பப்பட்டது. ஆனால் ஒருபோதும் முழுமையாக நிரப்பப்படவில்லை. கதவுகள் உட்புறமாகத் திறக்கும்படி அமைந்ததால் நிரம்பியபின் திறக்க இயலாது என்று மக்கள் பரிகாசமாகக் கூறுவதுண்டு.

தாது வருஷப் பஞ்சம் எனத் தமிழர் நினைவில் நின்ற 1876-78 பஞ்சத்தில், சென்னை மாகாண அரசு இருப்புக்காகத் தானியம் வாங்க முற்பட்டபோது, தனியார் வணிகத்தில் தலையிடலாகாது என இந்திய அரசு கண்டித்தது. ரயில் நிலையங்களிலும் துறைமுகத்திலும் மூட்டைகள் இருந்தன. வாங்கப் பணம் இல்லாதவர் மாண்டனர். 1877இல் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என விதித்தார். இவ்வளவு குறைந்த உணவில் கடின உழைப்பு இயலாது என மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதிட்டார்.

அதே ஆண்டுகளில் திருநெல்வேலியில் மிஷனெரிமார் பஞ்ச நிவாரணம் செய்தனர். பல்லாயிரவர் சபைகளை நாடி வந்தனர். இவ்வாறு வந்தவர்களை ‘அரிசிக் கிறிஸ்தவர்’ எனப் பிறர் இகழ்ந்ததுண்டு. வந்தவர்களின் விசுவாசத்தை நியாயந்தீர்ப்பது நமக்குரியதன்று; அவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் சபைகளின் தூண்கள். ஆனால் கொடுப்பவன்முன் நிற்கும் கேள்வி வேறு. பசித்தவனின் மனச்சாட்சியை விலையாகக் கேட்பது, சொல்லால் கேட்டாலும் குறிப்பால் கேட்டாலும், யோசேப்பு நிலத்தை விலையாகப் பெற்றதனின்றும் எவ்வகையில் வேறுபட்டது?

விடுதலைக்குப் பின் 1965இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் அரசின் கிடங்குகளில் தேவைக்கு மிஞ்சிய தானியம் குவிந்து கெட்டுக்கொண்டிருக்க, வறட்சிப் பகுதிகளில் மக்கள் பசியால் வாடினர். அவ்வாண்டு ஏப்ரலில் மக்கள் குடியுரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக நவம்பரில் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க நாடெங்கும் ஆணை பிறந்தது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தேர் எல்-மதீனாவின் தொழிலாளர் ஆலய வாசலில் அமர்ந்து கேட்ட அதே கேள்வி, மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்ற வாசலில் கேட்கப்பட்டது.

7. திருமறை தன்னைத்தானே திறனாய்வு செய்கிறது

இப்போது பழைய ஏற்பாட்டின் சொந்த அளவுகோலுக்கு வருவோம். ஆதியாகமத்தை அடுத்து யாத்திராகமத்தைத் திறந்தவுடன், இஸ்ரவேலர் அடிமைகளாகப் பார்வோனுக்குப் பித்தோம், ராமசேஸ் என்னும் பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டுவதைக் காண்கிறோம் (யாத். 1:11). எகிப்தியரை அடிமைகளாக்கிய களஞ்சியம், யோசேப்பை அறியாத அரசன் தோன்றியபின், யோசேப்பின் சந்ததியையும் அடிமைகளாக்கிற்று. அங்கே வரும் ‘மிஸ்கெனோத்’ என்னும் எபிரெயச் சொல்லே சாலொமோனின் பண்டசாலைப் பட்டணங்களைக் குறிக்கவும் வழங்கப்படுகிறது (1 இராஜா. 9:19). எருசலேமின் அரசன் பார்வோனின் வழியில் நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. அந்நுகத்தின் பாரமே பின்னர் இராஜ்யத்தை இரண்டாகப் பிளந்தது (1 இராஜா. 12:4).

நியாயப்பிரமாணம் இதற்கு மாற்றுரை கூறுகிறது. நிலம் ஆண்டவருடையது, ஆகையால் அது என்றென்றைக்குமாக விற்கப்படலாகாது (லேவி. 25:23). இஸ்ரவேலர் ஆண்டவரின் ஊழியர், ஆகையால் அடிமைகளாக விற்கப்படலாகாது (25:42). எளியவனுக்கு உணவை இலாபத்திற்குக் கொடுக்கலாகாது (25:37). ஆதியாகமம் 47இல் நிகழ்ந்த மூன்றும் இங்கே ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. மூன்றாம் ஆண்டின் தசமபாகமோ அவரவர் ஊரிலேயே வைக்கப்பட்டு, லேவியரும் அந்நியரும் திக்கற்றவரும் விதவைகளும் உண்டு திருப்தியடைய வேண்டும் (உபா. 14:28-29). இத்தானியத்திற்கு விலையும் இல்லை, ஈடும் இல்லை.

நெகேமியாவின் நாட்களில் ஆதியாகமம் 47 யூதேயாவிலேயே மீண்டும் நிகழ்ந்தது. பஞ்சத்தில் தானியம் வாங்க மக்கள் நிலங்களையும் வீடுகளையும் அடகுவைத்தனர், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தனர் (நெகே. 5:1-5). நெகேமியா அவர்களின் நன்றியை எதிர்பார்க்கவில்லை. அடகு வைத்தவை அன்றே திருப்பிக் கொடுக்கப்பட வேண்டுமென்றார். தாமும் தம் சகோதரரும் தானியம் கடன் கொடுத்திருந்ததை மறைக்காமல், தம்மையும் அக்கட்டளைக்கு உட்படுத்தினார் (5:10-11). பின்னர் ஆலயத்தின் அறையொன்றைத் தொபியா தன் தளவாடங்களுக்குப் பயன்படுத்தியதைக் கண்டு அவற்றை வெளியே எறிந்தார் (13:4-9). அதன்பின் ஒரு ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், அவர்களுக்கு உதவியாக ஒருவன் என நால்வரிடம் பண்டசாலையை ஒப்படைத்தார் (13:13). திறவுகோல் ஒருவன் கையில் இருக்கவில்லை. பங்கிட்டுக் கொடுப்பதே அவர்களுடைய வேலையாயிற்று.

மல்கியாவின் வாக்கை இச்சூழலிலேயே வாசிக்க வேண்டும். பண்டசாலையைப் பற்றிய 3:10க்கு ஐந்து வசனங்களுக்கு முன்னே, கூலிக்காரனையும் விதவையையும் திக்கற்றவனையும் அந்நியனையும் ஒடுக்குவோருக்கு விரோதமாக ஆண்டவர் சாட்சியாக வருகிறார் என்னும் எச்சரிக்கை உள்ளது (3:5). அவ்வசனத்தை விட்டுவிட்டுப் பத்தாம் வசனத்தை மட்டும் காணிக்கைக்காகப் பிரசங்கிப்பது, நாற்பத்தேழாம் அதிகாரத்தை விட்டு நாற்பத்தோராம் அதிகாரத்தை மட்டும் வாசிப்பதற்கு ஒப்பாகும்.

8. நம் ஊழியத்திற்கு

இத்திறனாய்வு வகுப்பறையோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு குருசேகரத்துக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. நம் முன்னோர் வீட்டுப் பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி எடுத்துவைத்த கைப்பிடி அரிசிக் காணிக்கையே பல சபைகளின் முதல் களஞ்சியம். இன்று அது வங்கிக் கணக்காகவும் கட்டட நிதியாகவும் கல்யாண மண்டபமாகவும் பள்ளிக்கூடமாகவும் உருமாறியுள்ளது. அறுப்பின் பண்டிகையில் ஏலத்தொகை எவ்வளவு என்று அறிவிக்கிறோம். அத்தொகையிலிருந்து அவ்வாண்டு எத்தனை விதவைகளுக்கு, என்ன நிபந்தனையின்றி, என்ன கொடுக்கப்பட்டது என்று அறிவிக்கும் சபைகள் எத்தனை? நம் பள்ளியின் சேர்க்கைக்கு ஏழைத் தகப்பன் எதை ஈடாகக் கொடுக்கிறான்? திறவுகோல் எத்தனை பேர் கையில் இருக்கிறது?

போதகர்கள் அடுத்த அறுப்பின் பண்டிகையில் ஆதியாகமம் 41ஐயும் 47ஐயும் சேர்த்து வாசிக்கும்படி வேண்டுகிறேன். இறையியல் மாணவர்கள் யோசேப்பைப் பற்றி எழுதும்போது, நெகேமியா 5ஐ அருகில் வைத்து எழுதட்டும். யோசேப்பு ஞானவான், தேவன் அவரைக்கொண்டு அநேகரின் உயிரைக் காத்தார் (ஆதி. 50:20). ஆயினும் அவர் பார்வோனுடைய களஞ்சியத்தின் அதிகாரி. நமக்கு ஒப்படைக்கப்பட்ட களஞ்சியம் பார்வோனுடையதன்று. வனாந்தரத்தில் பசித்த திரளானவர்களைப் பந்தியமர்த்தி, அவர்களிடம் எதையும் ஈடாகக் கேளாமல் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த ஆண்டவருடையது அது. அதன் வாசலில் நாம் நிற்பது கணக்கு எழுதுவதற்காக மட்டுமன்று, திறப்பதற்காகவே.